விசுவாசம் யாருக்கு? கோல்ஃப் திடலில் மோதும் இரண்டு முதலாளிகள்

2024 மே மாதம். சிங்கப்பூர், செந்தோசா கோல்ஃப் திடலில் வெற்றிக் கிண்ணத்தை ஏந்தி நின்றார் அமெரிக்க ஆட்டக்காரர் புரூக்ஸ் கெப்கா. அப்போது அவர் சவூதி அரேபியாவின் பணத்தில் நடக்கும் லிவ் கோல்ஃப் தொடரின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை. 2025 டிசம்பரில் அவர் லிவ்வை விட்டு விலகினார். 2026 ஜனவரியில் தம்முடைய பழைய இடமான அமெரிக்காவின் பிஜிஏ டூருக்கே திரும்பிவிட்டார்.

சும்மா திரும்பவில்லை. அறப்பணிக்கு 5 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும். பிஜிஏ டூர் தன் ஆட்டக்காரர்களுக்கு வழங்கும் நிறுவனப் பங்கு ஐந்தாண்டுகளுக்கு அவருக்குக் கிடையாது. 2026ஆம் ஆண்டுக்கான ஃபெடெக்ஸ் கப் ஊக்கத்தொகையும் கிடையாது. இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் தலையாட்டிய பிறகே கதவு திறந்தது.

கோல்ஃப் பணக்காரர்களின் விளையாட்டு, அதில் நமக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான்காண்டுகளாக நடக்கும் இந்தச் சண்டையைப் பந்தையும் மட்டையையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதை தெரியும். பழைய முதலாளி ஒருவர், கைநிறையப் பணத்துடன் வந்த புதிய முதலாளி ஒருவர், இருவருக்கும் நடுவில் வேலை செய்பவர்கள். விசுவாசத்தை யாரிடமிருந்து யார் எதிர்பார்க்கிறார்கள் என்பதே இந்தக் கதையின் மையம்.

1968இல் பிரிந்து வந்தவர்கள்

முதலில் பழையவரைப் பார்ப்போம். இன்று மரபு, ஒழுங்கு என்று பேசும் பிஜிஏ டூரே ஒரு பிரிவினையில் பிறந்ததுதான். அமெரிக்காவில் கோல்ஃப் மன்றங்களில் பயிற்சி கொடுப்பவர்கள், கடை நடத்துபவர்கள் ஆகியோரின் சங்கமாக இருந்தது பிஜிஏ ஆஃப் அமெரிக்கா. போட்டிகளில் ஆடும் நட்சத்திரங்களும் அதே சங்கத்தின் கீழ்தான் இருந்தனர். தொலைக்காட்சிப் பணம் வரத் தொடங்கியதும், கூட்டத்தை இழுப்பது நாங்கள், பணத்தை நிர்வகிப்பது நீங்களா என்ற கேள்வி எழுந்தது. அர்னால்ட் பால்மர், ஜேக் நிக்லாஸ் உள்ளிட்ட ஆட்டக்காரர்கள் 1968இல் பிரிந்து வந்தனர். அதிலிருந்து உருவானதே இன்றைய பிஜிஏ டூர்.

அது நடத்தும் முறை எளிமையானது, கொஞ்சம் கடுமையானதும்கூட. ஆட்டக்காரர்கள் அதன் சம்பள ஊழியர்கள் அல்லர், சொந்தக் கணக்கில் வேலை செய்பவர்கள். வழக்கமான ஒரு போட்டி நான்கு நாள், 72 குழிகள். முதல் இரண்டு நாள் முடிந்ததும் ஏறக்குறைய பாதிப்பேர் வெளியேற்றப்படுவர். வெளியேறியவருக்கு அந்த வாரம் பரிசுப் பணம் வராது. விமானக் கட்டணம், தங்கும் செலவு, பையைச் சுமக்கும் கேடியின் சம்பளம் எல்லாம் அவர் பாடு.

இன்னொரு விதியும் உண்டு. அதே வாரத்தில் வேறிடத்தில் ஆட வேண்டுமானால் டூரின் முன் அனுமதி வேண்டும். நீ என் ஊழியன் இல்லை, ஆனால் என் அனுமதியில்லாமல் வெளியே வேலை செய்யக்கூடாது என்பதே அதன் சாரம். பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. எதிர்க்க வேறு இடம் இருந்தால்தானே? 1994இல் ஆஸ்திரேலியாவின் கிரெக் நார்மன் ஓர் உலகச் சுற்றுத் தொடரைத் தொடங்க முயன்றார். பிஜிஏ டூரின் எதிர்ப்பில் அது பிறக்கும் முன்பே மடிந்தது.

புதியவரின் பணப்பெட்டி

அதே நார்மன்தான் 2021இல் மீண்டும் வந்தார். இம்முறை அவர் பின்னால் நின்றது சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம். எண்ணெய் வருமானத்தை மட்டும் நம்பியிராமல் நாட்டை மாற்றும் திட்டத்தின் ஒரு பகுதியாக விளையாட்டில் பணத்தைக் கொட்டும் நிதியம் அது. இங்கிலாந்தின் நியூகாசல் யுனைடெட் காற்பந்து அணியை வாங்கியதும் அதுவே.

லிவ் என்பது ரோமன் எண்ணில் 54. தொடக்கத்தில் நான்கு நாளுக்குப் பதில் மூன்று நாள், 54 குழிகள். அப்போது ஆட்டக்காரர்கள் 48 பேர் மட்டுமே. இடையில் யாரையும் வெளியேற்றுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் ஆட்டத்தைத் தொடங்குவர். தனிநபர் போட்டியோடு அணிப் போட்டியும் உண்டு.

2022 ஜூனில் லண்டன் அருகே முதல் போட்டி. மொத்தப் பரிசு 25 மில்லியன் டாலர். வென்ற தென்னாப்பிரிக்கரான சார்ல் ஸ்வார்ட்செல் தனிநபர் பரிசும் அணிப் பரிசும் சேர்த்து 4.75 மில்லியன் டாலரைக் கொண்டு போனார். கடைசி இடத்தில் வந்தவருக்குக் கிடைத்தது 120,000 டாலர். அன்றைய மதிப்பில் அது ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல். அதே வாரம் கனடாவில் நடந்த பிஜிஏ டூர் போட்டியின் மொத்தப் பரிசே 8.7 மில்லியன் டாலர்தான். அதை வென்ற ரோரி மெக்கில்ராய்க்குக் கிடைத்தது ஏறத்தாழ 1.57 மில்லியன்.

இது தவிர, சேர்வதற்கே முன்பணம் கொடுக்கப்பட்டது. பில் மிக்கல்சன், டஸ்டின் ஜான்சன், பிரைசன் டிஷாம்போ, கெப்கா எனப் பெயர்கள் வரிசையாக வந்தன. பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற சில வாரங்களில் ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித் சேர்ந்தார். 2023 டிசம்பரில் ஸ்பெயினின் ஜான் ராம் சேர்ந்தார். பல நூறு மில்லியன் டாலர் வரை பேசப்பட்டதாக நார்மன் சொன்ன பிறகும் டைகர் வுட்ஸ் மட்டும் அசையவில்லை.

விசுவாசம் பேசப்பட்ட காலம்

லண்டனில் முதல் பந்து அடிக்கப்பட்ட அன்றே, அங்கே ஆடிய தன் உறுப்பினர்கள் 17 பேரையும் பிஜிஏ டூர் இடைநீக்கம் செய்தது. அடுத்தடுத்துப் போனவர்களுக்கும் அதே கதி. துரோகம், பேராசை என்ற சொற்கள் ஊடகங்களில் தாராளமாகப் புழங்கின.

எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018 அக்டோபரில் இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதி நாட்டவர். அத்தாக்குதலில் உறவுகளை இழந்த குடும்பங்கள் லிவ் போட்டிகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தன. நாட்டின் பெயரில் உள்ள கறையை விளையாட்டால் கழுவும் முயற்சி இது என்ற குற்றச்சாட்டு இன்றுவரை மறையவில்லை.

பிஜிஏ டூரின் அன்றைய தலைவர் ஜே மோனஹன் அந்தக் குடும்பங்களின் வேதனையைத் தம் வாதத்தின் மையத்தில் வைத்தார். பிஜிஏ டூரின் உறுப்பினராக இருந்ததற்காக எப்போதாவது மன்னிப்புக் கேட்க நேர்ந்ததுண்டா என்று தொலைக்காட்சியில் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கேட்டார். கேள்வி கூர்மையானது. பலர் அதைக் கேட்டு, பெரிய தொகைகளை மறுத்துப் பழைய இடத்திலேயே நின்றனர். டூருக்காக மேடைதோறும் வாதாடியவர் மெக்கில்ராய்.

இதே வேளையில் இன்னொன்றும் நடந்தது. மரபு பேசிய டூரின் பணப்பை திடீரென்று பெருத்தது. நட்சத்திரங்களுக்கான ஊக்கத்தொகை நிதி 40 மில்லியன் டாலரிலிருந்து 100 மில்லியனாக உயர்ந்தது. சில போட்டிகளின் பரிசு 20 மில்லியனாக்கப்பட்டது. லிவ் வராவிட்டால் இந்த உயர்வு இந்த வேகத்தில் வந்திருக்குமா? தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டால் விலை சரியில்லை என்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் போகத் தொடங்கினால் எங்கிருந்தோ பணம் வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது.

2023 ஜூன் 6

பிறகு அந்த நாள் வந்தது. 2023 ஜூன் 6ஆம் தேதி, மோனஹனும் சவூதி நிதியத்தின் தலைவர் யாசிர் அல்-ருமய்யானும் ஒரே தொலைக்காட்சி நேர்காணலில் அருகருகே அமர்ந்தனர். இரு தரப்பின் வணிகத்தையும் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவரும் ஒப்பந்தத்தை அறிவித்தனர். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் ரகசியமாகப் பேசி முடித்த விஷயம் அது. டூரில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் செய்தியாகவே அதை அறிந்தனர்.

காரணம் புரியாததல்ல. 2022 ஆகஸ்டில் மிக்கல்சன் உள்ளிட்ட 11 பேர், போட்டியை ஒடுக்குவதாக டூர் மீது வழக்குத் தொடுத்திருந்தனர். அமெரிக்க நீதித்துறையும் விசாரித்துக் கொண்டிருந்தது. வழக்கறிஞர் செலவு ஏறிக்கொண்டே போனது. மறுபக்கம், சவூதி நிதியம் தன் ஆவணங்களைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரு முதலாளிகளுக்கும் சமரசம் தேவைப்பட்டது. இரண்டு பக்கமும் வழக்குகளைக் கைவிட்டன.

தம்மை வேஷதாரி என்று பலர் சொல்வார்கள் என்பது தெரியும் என மோனஹனே அன்று ஒப்புக்கொண்டார். தாம் பலிகடா ஆக்கப்பட்டதுபோல் உணர்வதாக மெக்கில்ராய் மறுநாள் சொன்னார். செப்டம்பர் 11 குடும்பங்கள் கொதித்தன. அவர்கள் பேச்சு ஓராண்டு காலம் வாதத்துக்குப் பயன்பட்டது, ஒப்பந்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

ஓர் ஆட்டக்காரர் அதிகச் சம்பளத்துக்குப் போனால் அது துரோகம். தலைவர் அதே பணத்தோடு கைகுலுக்கினால் அது வணிக ஒப்பந்தம். இந்த இரட்டை அளவுகோல்தான் 2023 ஜூன் 6 உலகுக்குக் காட்டிய பாடம். இடைநீக்கத்துக்குப் பயந்து நின்றவருக்கும், மனசாட்சிக்குப் பயந்து நின்றவருக்கும் அன்று மனம் கசந்ததில் வியப்பில்லை.

பணத்தால் வாங்க முடியாதது

அந்தச் சமரசமும் முழுமையடையவில்லை. 2023 இறுதி என்ற காலக்கெடு தாண்டியது. 2024 தொடக்கத்தில் பிஜிஏ டூர் வேறு துணையைத் தேடிக்கொண்டது. அமெரிக்க விளையாட்டு அணிகளின் உரிமையாளர்கள் பலர் சேர்ந்த ஸ்ட்ரேட்டஜிக் ஸ்போர்ட்ஸ் குழுமம் 1.5 பில்லியன் டாலரை முதலீடு செய்தது. 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் அதிபர் டிரம்ப் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. முடிவு வரவில்லை.

இதற்கிடையில் லிவ் ஒரு பெரிய உண்மையைச் சந்தித்தது. ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து வாங்கலாம், ரசிகரின் பழக்கத்தை அப்படி வாங்க முடியாது. அமெரிக்காவில் அதன் தொலைக்காட்சிப் பார்வையாளர் எண்ணிக்கை பிஜிஏ டூருக்கு அருகில்கூட வரவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வணிகத்தைக் கவனிக்கும் அதன் பிரிட்டிஷ் நிறுவனம் மட்டுமே 2022 முதல் 2024 வரை ஒரு பில்லியன் டாலருக்கும் மேல் நட்டம் காட்டியது.

உலகத் தரவரிசைப் புள்ளிகள் கேட்டு 2022இல் விண்ணப்பித்தது. 2023 அக்டோபரில் மறுக்கப்பட்டது. ஆள் குறைவு, போட்டிக்குள் நுழைய வழி குறுகல் என்பவை காரணங்கள். பிறகு தலைமையில் நார்மன் போய் ஸ்காட் ஓ'நீல் வந்தார். 2026 முதல் லிவ்வும் நான்கு நாள், 72 குழிகள் என்று மாறியது. பெயரில் 54, ஆட்டத்தில் 72. பழையதைக் கவிழ்க்க வந்தவர், பழையவரின் சட்டையையே எடுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகே, முன்னணியில் முடிப்பவர்களுக்கு மட்டும் தரவரிசைப் புள்ளிகள் என்ற ஓரளவு அங்கீகாரம் கிடைத்தது.

அதற்காக லிவ் முழுத் தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் அதன் போட்டிக்குத் திரளும் கூட்டம் பெரிய கூட்டம். காரணம் எளிது. உலகத்தரமான ஆட்டக்காரர்களைப் பழைய டூர் அந்த ஊருக்குக் கொண்டு போனதில்லை. பசித்த ஊரில் கடை போட்டால் வியாபாரம் நடக்கும் என்பதைப் புதியவர் கண்டுகொண்டார்.

இடையில் நசுங்குபவர்கள்

பெரிய பெயர்கள் எந்தப் பக்கம் நின்றாலும் பிழைத்துக்கொள்வர். கெப்காவுக்காகத் திறந்த கதவைப் பாருங்கள். 2022 முதல் 2025 வரை நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றையோ பிளேயர்ஸ் போட்டியையோ வென்றவர்களுக்கு மட்டுமே அது. ராம், டிஷாம்போ, ஸ்மித் ஆகியோருக்கும் அதே வாய்ப்பு பிப்ரவரி தொடக்கம் வரை இருந்தது. அவர்கள் லிவ்விலேயே இருந்துவிட்டனர். 2018இல் மாஸ்டர்ஸ் வென்ற பேட்ரிக் ரீட்டும் லிவ்வை விட்டு வந்தார். அவருக்கு இந்தச் சலுகை இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய வெற்றி எதுவும் இல்லாமல் போனவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

பழைய இடத்திலேயே இருந்த சாதாரண ஆட்டக்காரருக்கு என்ன கிடைத்தது? முழு ஆட்ட உரிமை பெறுவோரின் எண்ணிக்கையை 125லிருந்து 100ஆகப் பிஜிஏ டூர் குறைத்துவிட்டது. கீழ்நிலைத் தொடரிலிருந்து ஏறி வருபவர்களுக்கான இடம் 30லிருந்து 20ஆனது. அதிகப் பரிசுள்ள போட்டிகளில் ஆடுவோரும் குறைவு. மொத்தப் பணம் கூடியது, அதைப் பங்கிடும் ஆட்கள் குறைந்தனர். விசுவாசமாக நின்ற 110ஆவது இடத்துக்காரருக்கு இந்தப் போட்டி சம்பள உயர்வாக வரவில்லை, ஆட்குறைப்பாக வந்தது.

பையைச் சுமக்கும் கேடிகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தொடக்கத்தில் லிவ் செய்த ஒரு நல்ல காரியம், கேடிகளின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தானே ஏற்றது. பழைய முறையில் ஆட்டக்காரர் வென்றால் கேடிக்கு நல்ல பங்கு, இரண்டாம் நாளே வெளியேறினால் வாரக்கூலி மட்டும்.

எங்கள் தாத்தா இளம் வயதில், துரைமார் ஆடும் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பை சுமக்கப் போனவர். எந்தத் துரை வென்றாலும் பையின் எடை ஒன்றுதான் என்பாராம். கெப்கா போன செய்தியையும் வந்த செய்தியையும் எழுதும்போது, அந்தப் பக்கம் நின்றவர்களைத்தான் நான் தேடினேன்.

நம் வட்டாரத்தில்

இந்தச் சண்டை நம் வாசலுக்கு வந்து வெகுநாளாகிறது. 2023 முதல் ஆண்டுதோறும் லிவ் செந்தோசாவில் போட்டி நடத்துகிறது. டேலர் கூச், கெப்கா, சிலியின் ஹொவாக்கின் நீமான் ஆகியோர் அங்கே வென்றனர். அதைவிட முக்கியமானது, சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஆசியச் சுற்றின் கதை. கோவிட் காலத்தில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அதன் போட்டிகள் நின்றுபோயின. வட்டார ஆட்டக்காரர்களுக்கு வருமானமே இல்லை. அந்த நேரத்தில் வந்தது லிவ்வின் பணம். பத்து ஆண்டுகளில் 300 மில்லியன் டாலர் என்று உறுதி சொல்லப்பட்டது. இன்டர்நேஷனல் சீரிஸ் என்ற பெயரில் கூடுதல் பரிசுள்ள போட்டிகள் தொடங்கின. அதில் முதலிடம் பெறுபவர் லிவ்வுக்குள் நுழையலாம். பசியில் இருந்தவர் சோறு போட்டவரின் ஊரைக் கேட்கவில்லை. அதைக் குறை சொல்ல நம்மால் முடியுமா?

மலேசியாவுக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2010 முதல் 2018 வரை பிஜிஏ டூர் கோலாலம்பூர் வட்டாரத்தில் சிஐஎம்பி கிளாசிக் போட்டியை நடத்தியது. 2012இல் டைகர் வுட்ஸ் மைன்ஸ் திடலில் ஆடினார். ஜஸ்டின் தாமஸ் தம் முதல் டூர் வெற்றியை 2015இல் இங்கேதான் பெற்றார். 2018க்குப் பிறகு அந்தப் போட்டி இங்கே இல்லை. பெரிய டூர் வந்தது, ஆடியது, போனது.

நம்மவர்களுக்கும் இந்த விளையாட்டில் தடம் உண்டு. எம். இராமையா, பி. குணசேகரன் போன்றோர் ஆசியத் திடல்களில் தொழில்முறையாக ஆடி மலேசியாவின் பெயரை எடுத்துச் சென்றவர்கள். அடுத்த இராமையா வர வேண்டுமானால், அவர் ஏறிவரும் படி ஆசியச் சுற்றாகத்தான் இருக்கும். அந்தப் படி இப்போது நிற்பது தொலைவில் உள்ள ஒரு நிதியத்தின் விருப்பத்தின் மீது. நட்டக் கணக்கைப் பார்த்து அந்த நிதியம் நாளை மனம் மாறினால், கெப்காவுக்குத் திரும்பிப்போக ஓர் இடம் இருந்தது. நம் வட்டார இளைஞருக்கு அப்படி ஓர் இடம் எங்கே?

ஆசியச் சுற்றும் வட்டாரச் சங்கங்களும் இப்போதே யோசிக்க வேண்டிய கேள்வி இது. வந்த பணத்தைக் கொண்டு பரிசுத்தொகையை மட்டும் உயர்த்தினால், பணம் நிற்கும் நாளில் எல்லாம் நிற்கும். உள்ளூர் ஆதரவாளர்களையும் இளையோர் பயிற்சியையும் வளர்த்துக்கொண்டால், யார் போனாலும் ஏதோ ஒன்று மிஞ்சும்.

இரு முதலாளிகளின் சண்டையில் யார் வெல்வார் என்பதை ரியாத்திலும் புளோரிடாவிலும் இருப்பவர்கள் தீர்மானிக்கட்டும். விசுவாசமாக இரு என்று யாராவது நம்மிடம் சொன்னால், நீங்கள் எங்களுக்கு எவ்வளவு விசுவாசம் என்று திருப்பிக் கேட்கும் தைரியம் நமக்கு வேண்டும். 2023 ஜூன் 6க்கு முன்பே அதைக் கேட்டு எழுத்தில் வாங்கியிருந்தால், பிஜிஏ டூரின் 110ஆவது இடத்துக்காரர் இன்று வேறிடத்தில் இருந்திருப்பார்.